இடது பக்கம் மட்டும் பழுதான இயந்திரம்

என் குடும்பத்தில் கல்லூரிக்குள் கல் சுமக்காமல் நுழைந்த முதல் ஆள் நான். இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் மணி கேட்டால்கூட, அவர் கடிகாரத்தைப் பார்த்து முடிப்பதற்குள் நான் பட்டதாரி என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நான்கு வருடப் படிப்பு. கண் பரிசோதனையில் பட்டம். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவன் தன் இடது கண்ணை எப்படிக் கோட்டைவிடப் பார்த்தான் என்பதுதான் இங்கே எழுதப்போவது. அந்த ஒருவன் வேறு யாராகவாவது இருந்திருந்தால் இதைவிட உற்சாகமாக எழுதியிருப்பேன்.

இந்தப் படிப்பை நான் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. விண்ணப்பத்தில் முதல் விருப்பம் மருத்துவம் என்று போட்டேன். மதிப்பெண் அதற்கு ஒத்துவரவில்லை. இரண்டாவது விருப்பக் கட்டத்துக்கு நேரே பட்டியலைப் பார்த்தேன். மற்ற படிப்புகளின் பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை. இது ஒன்றில்தான் 'கண்' என்று தெரிந்த சொல் இருந்தது. டிக் அடித்தேன். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அந்த நுணுக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "என் சின்னவன் கண்ணு டாக்டர்" என்று ஊரில் ஒரு வரியில் முடித்துவிட்டாள். நான் டாக்டர் இல்லை. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் எழுத்துப் பலகையைக் காட்டி, வில்லை மாற்றி, கண்ணாடியின் பவரைக் கண்டுபிடிக்கிறவன். இதைத் திருத்திச் சொல்லச் சந்தர்ப்பம் அமையவில்லை என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனால் வயசானவர்கள் வரிசையில் வந்து இமையைப் பிரித்துக் காட்டுவார்கள். நானும் குனிந்து பார்த்துவிட்டு, "ம்" என்பேன். அந்த 'ம்' மட்டும் நிஜ டாக்டருடையது மாதிரியே இருக்கும்.

நான் வேலை பார்ப்பது ஒரு சிறிய கண் மருத்துவமனை. முதல் அறையில் பெயர் பதிவு. இரண்டாவது அறை என்னுடையது. மூன்றாவது டாக்டரம்மாவுடையது. என் அறை நீளம் பத்தடி, ஜன்னல் இல்லை. இடவலம் மாற்றி எழுதிய எழுத்துப் பலகை நோயாளியின் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கும். எதிர்ச்சுவரில் உள்ள கண்ணாடியில் அதைப் பார்த்து அவர்கள் படிக்க வேண்டும். இடம் போதாத அறைக்கு அது ஒரு தந்திரம். ஒரு நாளைக்கு அறுபது பேர். அறுபது பேரிடமும் ஒரே பேச்சு.

"கைக்கடிகாரத்துக்கு மேல ஒரு கண்ணாடி இருக்குல்ல? அந்த மாதிரி கண்ணுக்கு முன்னால ஒரு கண்ணாடி இருக்கு. அதுதான் கருவிழிப் படலம். அரை மில்லிமீட்டர் தடிமன். அதைப் போட்டுக் கசக்கினா என்ன ஆகும்? கசக்காதீங்க."

இதைச் சொல்லிவிட்டு அவர்களை அடுத்த அறைக்கு அனுப்புவேன். கதவைச் சாத்துவேன். பிறகு ஆள்காட்டி விரல் முட்டியை இடது கண்ணில் வைத்து, மாவாட்டுகிற மாதிரி ஒரு சுற்று, எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. சின்ன வயதிலிருந்து எனக்குக் கண் அரிப்பு உண்டு. அரிப்புக்குக் கசக்கல், கசக்கலுக்கு அரிப்பு என்று ஒன்றுக்கொன்று துணையாகவே வளர்ந்தன. உலகத்தில் செலவில்லாத சுகம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஊருக்குச் சொன்ன உபதேசத்தில் ஒரு சொட்டுகூட எனக்கென்று எடுத்துவைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பரந்த மனசு.

ஒரு நாள் மருத்துவமனைக்குப் புது இயந்திரம் வந்தது. தாடையை ஒரு பட்டையில் வைத்து, நெற்றியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால், கருவிழியைப் படம்பிடித்து வரைபடமாகக் காட்டும். மேடில்லாத இடம் பச்சை, மேடு ஏற ஏற மஞ்சள், அதற்கும் மேலே சிவப்பு. பக்கத்திலேயே தடிமனும் எண்ணாக வரும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். நல்ல கருவிழியென்றால் ஐந்நூறுக்கு மேல் இருக்கும்.

முதலில் யார் கண்ணை வைப்பது என்று பேச்சு வந்தது. பெயர் பதிவு செய்கிற அக்கா, "நான் வைக்கிறேனே" என்று முன்னால் வந்தார். பத்தொன்பது வருடமாக அந்த மருத்துவமனையில் இருப்பவர். நோயாளிகள் எதிரில் என்னை 'சார்' என்பார். அவர்கள் போனதும் 'தம்பி' ஆகிவிடுவேன்.

"இருங்கக்கா, இதெல்லாம் படிச்சவங்க முதல்ல பாக்கணும்" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

வலது கண் பரவாயில்லை. பச்சையில் கொஞ்சம் மஞ்சள். இடது கண்ணின் கீழ்ப்பாதியில் ஒரு சிவப்பு வட்டம், அடுப்புத் தணல் மாதிரி. தடிமன் நானூற்று ஐம்பத்திரண்டு.

இந்தப் படத்தை நான் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. மூன்றாம் வருடப் பாடப்புத்தகத்தில் முழுப் பக்கத்துக்கு இருந்தது. கருவிழி மெலிந்து, மெலிந்த இடம் கூம்பாகத் துருத்திக்கொண்டு வரும் நோய். கெரடோகோனஸ். இளவயதில் வரும். கண்ணைக் கசக்குகிறவர்களுக்கு வேகமாக வளரும். தேர்வில் இதற்குப் பத்து மதிப்பெண் கேள்வி வந்து, ஒன்பது வாங்கினேன்.

ஒன்பது வாங்கியவன் திரையைப் பார்த்துச் சொன்னான்: "மெஷின் தப்பா காட்டுது."

அடுத்து அக்கா உட்கார்ந்தார். இரண்டு கண்ணும் வயல் மாதிரி பச்சை.

"எனக்குச் சரியா காட்டுதே தம்பி?"

"இப்பதான் சூடாயிருக்கும். புது மெஷின் அப்படித்தான்."

அக்கா எழுந்து தன் மேஜைக்குப் போனார். படித்தவன் சொல்கிறான். நான் என் படத்தை 'சோதனை ஓட்டம்' என்று குறித்து, டாக்டரம்மா கண்ணில் படாமல் அழித்தேன்.

ஆனாலும் நான் பொறுப்புள்ளவன். இயந்திரத்தில் கோளாறு என்றால் அதை முறைப்படி நிரூபிக்க வேண்டாமா? ஒரு நீள நோட்டு எடுத்து, முதல் பக்கத்தில் 'இயந்திரப் பிழைப் பதிவு' என்று தலைப்பிட்டு, அதன் கீழே இரண்டு கோடு போட்டேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் யாரும் வருவதற்கு முன்னால் என் இடது கண்ணை வைத்துப் பார்ப்பேன். தேதி, நேரம், எண். நானூற்று ஐம்பத்திரண்டு. ஐம்பத்தொன்று. மறுபடி ஐம்பத்தொன்று. நாற்பத்தொன்பது. பெரிய கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்தேன். கோடு ஒழுங்காகச் சரிந்துகொண்டே போனது. 'பிழை சீராக அதிகரித்து வருகிறது' என்று பக்கவாட்டில் எழுதினேன். அழகான கையெழுத்து.

இயந்திரக் கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தார். கறுப்புப் பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பார். அக்கா அவருக்கு 'பெட்டிக்காரர்' என்று பெயர் வைத்தார். அவர் பெட்டியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் பொருத்திப் பார்த்தார். அளவு தெரிந்த உருண்டை அது. இயந்திரம் சரியாக இருந்தால் அந்த அளவைத்தான் சொல்ல வேண்டும். சொன்னது.

"மெஷின் நல்லாருக்கு சார்."

"உருண்டைக்கு நல்லாருக்கும். மனுஷக் கண்ணுக்கு?"

"வர்றவங்களுக்கெல்லாம் எப்படிக் காட்டுது?"

"அவங்களுக்குச் சரியாத்தான் காட்டுது. எனக்குத்தான் கோணலா வருது. அதுவும் இடது பக்கம் மட்டும்."

பெட்டிக்காரர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். வாயைத் திறந்தார். சுவரில் மாட்டியிருந்த என் பட்டச் சான்றிதழைப் பார்த்தார். மூடிக்கொண்டார். தாடை வைக்கும் பட்டையின் திருகை இறுக்கிவிட்டுப் போனார்.

இரண்டாம் முறை வந்தபோது நானே ஒரு கொள்கை தயாராக வைத்திருந்தேன். என் தாடை சராசரியைவிட நீளம். அதனால் தலை சாய்கிறது. அதனால் இடது பக்கம் பிழை. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, என் தாடைக்கென்றே ஒரு ரப்பர் மெத்தை வெட்டிப் பொருத்தினார். அந்த வாரம் எண் நானூற்று நாற்பது. மெத்தை சரியில்லை என்று எழுதினேன்.

இதற்கு நடுவில் உலகமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரம் குறைந்துகொண்டு வந்தது. பஸ் எண் பலகைகளை முன்பு மாதிரி தெளிவாக எழுதுவதில்லை. எட்டும் மூன்றும் ஒன்றுபோல இருக்கின்றன. வண்டி விளக்குகளுக்கு வால் முளைத்திருந்தது. ஏதோ மட்டமான பல்பு போடுகிறார்கள். என் அறையின் எழுத்துப் பலகையே மங்கலாகத் தெரிந்தபோது உள்ளே இருந்த குழல்விளக்கை மாற்றச் சொன்னேன். மாற்றியும் மங்கல்தான். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவு செய்தேன். எல்லாரும் சேர்ந்து கெட்டுப்போன உலகத்தில் நான் ஒருவன் மட்டும் நன்றாக இருந்தேன்.

ஏழாவது மாதம் பெட்டிக்காரர் மூன்றாம் முறையாக வந்தார். நான் நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். உருண்டையைப் பொருத்தி இடது பக்கம் பார்த்தார். அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து இடது கண்ணைப் பார்த்தார். தானே உட்கார்ந்து, என்னைப் படமெடுக்கச் சொன்னார். மூன்றும் பச்சை. பிறகு உருண்டையைத் துணியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"சார், நான் பத்தாவதுதான். தப்பா எடுத்துக்காதீங்க. உருண்டைக்கு ஒண்ணுமில்ல. மெஷினுக்கு ஒண்ணுமில்ல. அக்காவுக்கு ஒண்ணுமில்ல, எனக்கு ஒண்ணுமில்ல. மிச்சம் ஒண்ணுதான் இருக்கு."

"என்ன மிச்சம்?"

அவர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் அவர்களுடைய நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, எதிர்க் கண்ணாடியில் தெரிந்த எழுத்துப் பலகையை இடது கண்ணால் படித்தேன். கடைசி வரி வரை ஓர் எழுத்து பிசகவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்புறம்தான் தோன்றியது: நான்கு வருடமாக ஒரு நாளைக்கு அறுபது தடவை கேட்கிற பலகை அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் படிப்பேன்.

அக்காவைக் கூப்பிட்டேன். ஒரு வெள்ளை அட்டையில் அவருக்குத் தோன்றியதைப் பெரிதாக ஐந்து எழுத்து எழுதிச் சுவரோரம் நின்று காட்டச் சொன்னேன்.

"என்ன தம்பி விளையாட்டு இது?"

"காட்டுங்கக்கா."

காட்டினார். வலது கண்ணை மூடியபடி இடது கண்ணால் பார்த்தேன். வெள்ளை அட்டையின் நடுவில் ஒரு பழைய கறை மாதிரிதான் தெரிந்தது. கறைக்குப் பக்கத்தில் அதன் நிழல், நிழலுக்கு ஒரு நிழல். நான் தைரியமாக ஐந்து எழுத்தையும் வாசித்தேன்.

அக்கா அட்டையைத் திருப்பித் தன் பக்கம் வைத்துப் பார்த்தார். "ஒண்ணு சரி" என்றார். "அதுவும் நான் பேனாவை இழுத்த சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிச்சிருப்பீங்க."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, என் கையிலிருந்த நோட்டை வாங்கி, டாக்டரம்மா அறைக் கதவை அவரே தட்டினார்.

டாக்டரம்மா நோட்டை முதலில் நின்றபடி பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். முப்பது வாரம். முப்பது எண்கள். கட்டத்தாளில் சரிகிற கோடு.

"அருமையா எழுதியிருக்கீங்க. வாரா வாரம். இவ்வளவு ஒழுங்கா ஒரு நோய் வளர்றதை யாரும் எழுதி வெச்சு நான் பார்த்ததில்ல. யாரோட கேஸ்?"

"மெஷினோடது மேடம்."

"மெஷினுக்கு என்ன வயசு?"

"... இருபத்தாறு."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். என் கண்ணை இயந்திரத்தில் வைத்து அவரே பார்த்தார். நானூற்று இருபத்தொன்பது.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, மஞ்சள் நிற வைட்டமின் சொட்டை ஊறவைத்து, அரை மணி நேரம் ஊதா ஒளியைக் காட்டுவார்கள். கருவிழிக்குள் இருக்கும் இழைகள் இறுகிக்கொள்ளும். போன பார்வை திரும்பாது. இருக்கிற பார்வை அங்கேயே நிற்கும். ஆனால் ஒரு நிபந்தனை. மேல்தோலை எடுத்த பிறகு நானூறு மைக்ரானாவது மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் ஒளி உள்சுவர் வரை போய் அங்கிருக்கும் செல்களைக் கெடுத்துவிடும். அப்புறம் கருவிழி மங்கிப்போகும். இறந்தவர் யாராவது கொடுத்த கருவிழிக்குக் காத்திருப்பதுதான் வழி.

மேல்தோல் மட்டுமே நாற்பது ஐம்பது மைக்ரான். கழித்தல் கணக்கு எனக்குத் தெரியும்.

"ஏழு மாசம் முன்னாடி வந்திருந்தா யோசிக்காமலே பண்ணியிருப்பேன்" என்றார் டாக்டரம்மா. "இப்ப மேல்தோலை எடுத்துட்டு அளந்து பாப்போம். குறைவா இருந்தா, அதே மஞ்சள் சொட்டுலயே கருவிழியை ஊற வெச்சு உப்ப வைக்கிற வகை ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுப் பாப்போம். நானூறைத் தொட்டா பண்ணுவேன். தொடலைன்னா மூடிட்டு அனுப்பிடுவேன். சம்மதமா?"

சம்மதம் என்றேன். என் வேலையே மற்றவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது. ஒற்றைக் கண்ணோடு அதை எத்தனை காலம் செய்ய முடியும் என்ற கேள்வியை நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் எட்டாவதோடு நின்றவன். மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். போனில் அரை மணி நேரம் விளக்கினேன். இழைகள், மைக்ரான், கூம்பு என்று எதையும் விடவில்லை.

"முடிச்சிட்டியா?" என்றான்.

"ம்."

"டியூப் ஒரே இடத்துல தேஞ்சிருக்கு. காத்தடிச்சா அங்க உப்புது. அதானே?"

நான்கு வருடம் படித்ததை அவன் ஒரு மூச்சில் முடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. "ஏறக்குறைய அதான்" என்றேன்.

"ஏழு மாசமா டியூப்பை விட்டுட்டு பம்பு சரியில்ல, பம்பு சரியில்லன்னு சண்டை போட்டிருக்கே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பம்பு ஆளு பாவம்டா."

"அம்மாகிட்ட சொல்லிடாதே அண்ணே."

"சொல்லிட்டேன்."

அவன் போனைக் கீழே வைப்பதற்குள் பக்கத்தில் இருந்த அம்மா பிடுங்கிக்கொண்டாள். எப்போது அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை.

"ஏண்டா, கண்ணு டாக்டருக்கு உன் கண்ணு தெரியலையா?"

எனக்கு வேறு வழியில்லை. "அம்மா, நான் டாக்டர் இல்லம்மா. நான் பரிசோதனை பண்றவன்."

"அது எனக்குத் தெரியாதா? நீ பாஸ் பண்ண வருஷமே உன் அண்ணன் சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன் ஊர்ல..."

"ஊருக்கு எதுக்கு அதெல்லாம்? நீ பேசாம அந்தம்மா சொல்றபடி கேளு. குறுக்க நீ பாடம் எடுக்காதே."

அறுவை அறையில் படுத்தபோது முகத்தின் மேல் பச்சைத் துணி போட்டு, இடது கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டார்கள். மரத்துப்போகும் சொட்டு ஊற்றினார்கள். இமைகளைக் கம்பிக் கிளிப்பால் விரித்து நிறுத்தினார்கள். வலியில்லை. மேல்தோலைச் சுரண்டுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. பனி படிந்த கண்ணாடியை யாரோ உள்பக்கமாகத் துடைக்கிற மாதிரி இருந்தது. பிறகு பேனா மாதிரி ஒரு கருவி கண்ணைத் தொட்டது.

"முந்நூற்று எண்பத்தாறு" என்றார் டாக்டரம்மா. பக்கத்திலிருந்த நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்லி எழுதினார்.

பதினான்கு குறைவு. பதினான்கு மைக்ரான் என்பது முடியின் கனத்தில் கால்வாசி இருக்குமா? அந்தக் கால்வாசி முடியை நான் எந்த மாதத்தில் கசக்கித் தேய்த்தேன் என்று படுத்தபடியே கணக்குப் போட்டேன். பிப்ரவரியாக இருக்கலாம். ரப்பர் மெத்தை சரியில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்த மாதம்.

"சொட்டு போடுங்க. இருபது செகண்டுக்கு ஒண்ணு."

சொட்டுகள் விழுந்தன. உலகம் மஞ்சளாக நெளிந்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பேனா.

"முந்நூற்றுத் தொண்ணூற்றொண்ணு."

மறுபடி ஐந்து நிமிடம். சொட்டு மருந்துக் குப்பியின் மூடி தட்டில் வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

"முந்நூற்றுத் தொண்ணூற்றி நாலு."

ஏறுகிற வேகம் குறைந்துவிட்டது. இது எனக்குத் தெரிந்தது; தெரிந்திருக்க வேண்டாம் என்றும் தோன்றியது. படிக்காதவனாக இருந்தால் இந்நேரம் எண்களைச் சும்மா கேட்டுக்கொண்டு கிடந்திருப்பேன்.

"மேடம்," என்றேன் துணிக்குள்ளிருந்து. "அளக்கிற புரோப் கொஞ்சம் சாஞ்சிருந்தா எண் மாறும்..."

"மெஷின் தப்பா காட்டுதுன்னு சொல்றீங்களா?"

வாயை மூடிக்கொண்டேன். நர்ஸ் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு ஐந்து நிமிடம். அதற்குப் பிறகும் டாக்டரம்மா உடனே அளக்கவில்லை. சொட்டை இன்னும் சில தடவை தானே ஊற்றினார். வெளியே அண்ணன் யாரிடமோ, "உள்ள இருக்கிறது என் தம்பிங்க, பட்டதாரி" என்று சொல்வது கதவு இடுக்கு வழியாகக் கேட்டது. அவன் வாயிலிருந்து அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னிடம் நேராகச் சொன்னால் எனக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று பயந்திருப்பானோ என்னவோ.

பேனா தொட்டது.

"நானூற்றி மூணு." கொஞ்சம் நகர்த்தி மறுபடி தொட்டார். "நானூற்றி நாலு. விளக்கைப் போடுங்க."

அரை மணி நேரம் ஊதா ஒளியை நேராகப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். "கண்ணை அசைக்காதீங்க" என்றார். அசைக்கவில்லை. அந்த அரை மணி நேரம் முழுக்க அரித்தது.

அதற்குப் பிந்திய இரண்டு நாளை விவரித்தால் அனுதாபம் கிடைக்கும். ஆனால் தகுதியில்லாத இடத்தில் அதை வாங்கக் கூடாது. கண்ணில் மணலைக் கொட்டி மூடிய மாதிரி இருந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணிக்கொரு சொட்டு ஊற்றினான். கிரீஸ் போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கை. "கண்ணு கெட்ட பிறகு..." என்று ஒரு பழமொழியை ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டான். தூங்கும்போது நான் கையைக் கொண்டுபோனால் புறங்கையில் ஓர் அடி விழும். முதல் இரவு ஒன்பது அடி விழுந்ததாகச் சொன்னான். எண்ணுவதில் அவன் நேர்மையானவன்.

மூன்று வாரம் வரை என்னை விளக்குப் பிடிக்க விடவில்லை. பெயர் பதிவு மேஜையில் உட்கார்ந்தேன். அக்கா பின்னால் நின்று, "பட்டதாரி எழுத்தா தம்பி இது? எறும்பு மையில விழுந்து நடந்த மாதிரி இருக்கு" என்றார். இயந்திரத்தை இயக்குவது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார். பத்தாவது நிமிடத்தில் நான் செய்துகொண்டிருந்த ஒரு தவறையும் காட்டினார். மாதம் ஒருமுறை என்னை உட்காரவைத்துப் படமெடுப்பது அவர் பொறுப்பு. எண்ணை என்னிடம் காட்டக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. எண்ணைக் காட்டினால் நான் ஏதாவது கொள்கை கண்டுபிடித்துவிடுவேனாம்.

ஆறு மாதம் கழித்து டாக்டரம்மா ஆறு படங்களையும் மேஜையில் வரிசையாக வைத்தார். சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. கடைசி நாலு மாதத்தின் எண்கள் ஒன்றிரண்டு மைக்ரானுக்குள் நின்றன.

"நின்னுடுச்சு" என்றார். "இதுக்கு மேல இறங்காம பாத்துக்கிறது உங்க விரல் முட்டி கையில இருக்கு. பார்வைக்குக் கெட்டி லென்ஸ் ஒண்ணு போட்டுப் பாருங்க."

கருவிழி கூம்பானால் மூக்குக் கண்ணாடி அவ்வளவாக உதவாது. மேலே கெட்டியான சிறு லென்ஸ் வைத்து, மேட்டை மறைத்துச் சமன் செய்ய வேண்டும். இந்த லென்ஸ் போடுவதை எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். "ரெண்டு நிமிஷ வேலைங்க, பயப்படாதீங்க" என்பேன். பயப்படுகிறவர்களைப் பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் சலித்துக்கொள்வேன்.

அக்கா கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். முதல் தடவை லென்ஸ் இமைமுடியில் ஒட்டியது. இரண்டாம் தடவை கன்னத்தில். மூன்றாம் தடவை எங்கே போனதென்றே தெரியவில்லை. இருவரும் தரையில் தவழ்ந்து தேடினோம். அக்காவின் செருப்புக்கு அரை விரல் தள்ளிக் கிடந்தது. விரல் கிட்டே வரும்போதெல்லாம் கண் தானாக மூடிக்கொண்டது. கசக்குவதற்கென்றால் அத்தனை வருடம் திறந்த வாசலாக இருந்த கண்.

"ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சா தம்பி?" என்றார் அக்கா.

நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கடைசியில் அவர் என் மேல் இமையைக் கட்டைவிரலால் உறுதியாகத் தூக்கிப் பிடித்தார். லென்ஸ் உட்கார்ந்தது. கண்ணீர் கொட்டியது. சாய்ந்து உட்கார்ந்து, அது அடங்கக் காத்திருந்தேன்.

அக்கா மனப்பாடமான பலகையைக் கழற்றிவிட்டு, அவர் கையாலேயே இடவலம் மாற்றி எழுதிய புது அட்டையை மாட்டினார். கீழே போகப் போக எழுத்துச் சின்னதாகும் ஏழு வரி. வலது கண்ணை என் கையால் மூட விடவில்லை. விரலிடுக்கில் பார்ப்பேன் என்று சந்தேகம். ஒரு அட்டையை அவரே பிடித்து மறைத்தார்.

"படிங்க."

முதல் வரி. இரண்டாவது. எழுத்துகளுக்கு நிழல் இல்லை. மூன்றாவது, நான்காவது. ஓரங்கள் கறுப்பாக, தனித்தனியாக, ஒவ்வோர் எழுத்தும் தன் இடத்தில் நின்றது. ஐந்தாவது வரியில் குரல் கொஞ்சம் இறங்கியது. லென்ஸ் உறுத்தியது என்று சொல்லிக்கொள்கிறேன். ஆறாவது வரியில் ஒன்று தப்பு. ஏழாவதில் பாதிக்கு மேல் தெரியவில்லை என்றேன். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

அக்கா என் நோயாளி அட்டையில் எழுதிக்கொண்டார். இடது கண், லென்ஸோடு, ஆறாவது வரி. கீழே தேதி போட்டார். என் பெயருக்கு முன்னால் எதுவும் போடவில்லை, பின்னால் பட்டத்தையும் போடவில்லை. சரி என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிடம் யோசித்த பிறகு.

"வெளியே பதினொரு பேர் உக்காந்திருக்காங்க சார்" என்றார் கதவைத் திறந்தபடி. "எழுந்திருங்க, அது அவங்க நாற்காலி."